மடைக்கல்மேல் ஒரு பேராசிரியர்

அத்தியாயம் 14

போன வாரம் ஊர்க்கூட்டத்தில் அழகம்மாள் சொன்ன சொல் மேலவீட்டில் இன்னும் ஆறவில்லை.

"கண்மாய்க்குள்ள மோட்டார் இறங்குச்சுன்னா அன்னைக்கே நான் எழுமலைக்குப் போயிருவேன். திரும்பி வர மாட்டேன்."

எழுமலை அவள் பிறந்த ஊர். அவள் புருஷன் மருது அன்றிலிருந்து சாப்பிடும்போது தட்டை மட்டும்தான் பார்க்கிறான். அண்ணனையும் பார்ப்பதில்லை, பெண்டாட்டியையும் பார்ப்பதில்லை. யாரோடும் சண்டைக்குப் போகாதவன் என்று அவனுக்கு ஊரில் பெயர். அந்தப் பெயரில் அவனைத் தவிர வேறு யாருக்கும் பெருமை இல்லை.

விஷயம் தெரிந்ததுதான். கொட்டாம்பட்டியிலிருந்து மண் ரோட்டில் திரும்பினால் நெல்லாங்குடி. அந்த ஊருக்கு அம்பலம், அதாவது ஊர்த்தலைவர், மருதுவின் அண்ணன் சிவனாண்டி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அழகம்மாள் டீச்சர். சனிக்கிழமை தோறும் பிள்ளைகளைப் பெரிய கண்மாய்க்குக் கூட்டிப்போய் அவள் நடத்தும் பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. எந்த மீன் எந்த மாசம் முட்டை போடும், வண்டலை எப்போது அள்ளலாம், கோடைக்கு மாடு குடிக்க எம்புட்டுத் தண்ணி மிஞ்சணும் என்றெல்லாம் பிள்ளைகள் வீட்டில் கேட்டுவர வேண்டும். ஒரு வீட்டில் சொன்னதை அடுத்த வீட்டில் மறுப்பார்கள். பிள்ளைகள் தண்ணீரில் இறங்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். தோற்ற வீட்டில் அன்று இரவு அடி விழுவதும் உண்டு.

சிவனாண்டிக்கு இது பிடிக்கவில்லை. "மதுரைக்கே டெலிவிஷன் வரப்போகுதுங்கிறான். இவ இன்னும் கெளுத்தி மீசையைப் பத்திப் பாடம் எடுக்குறா" என்றார். அறிவு என்றால் அதற்கு ஒரு கட்டடம் வேண்டும், கட்டடத்தில் ஒரு சலவைக்கல் வேண்டும், சலவைக்கல்லில் ஒரு பெயர் வேண்டும் என்பது அவர் கொள்கை. பெயர் அவரிடம் தயாராக இருந்தது. கட்டடத்துக்கு மதுரையிலிருந்து சுடலை என்ற காண்ட்ராக்டரைப் பிடித்தார். 'எதிர்கால அறிவகம்' கட்டித் தருவது சுடலையின் பொறுப்பு. பதிலுக்குப் பெரிய கண்மாயின் மீன் பூராவும் சுடலைக்கு.

அந்த அறிவகத்தில் வைக்க நெல்லாங்குடியிடம் இருந்த அறிவெல்லாம் கண்மாய்க்குள்தான் இருந்தது. அதை இறைத்துவிட்டுத்தான் கட்டடம்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விவரம். இந்தப் பக்கத்துக் கண்மாய் மீனுக்குக் குத்தகை கிடையாது. பங்குனியில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும், அம்பலம் கரையிலிருக்கும் மடைக்கருப்பைக் கும்பிட்டு, தலையில் பரிவட்டத் துணி கட்டி, மடைக்கல்மேல் ஏறி நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதைத் 'துண்டு விழுந்தது' என்பார்கள். வீசுகிறவரைக்கும் உள்ளூர்க்காரன்கூடக் கால் நனைக்கக் கூடாது. வீசிவிட்டால் எந்த ஊர்க்காரனும் இறங்கலாம், எதைப் பிடித்தாலும் அவனுக்கே. ஒன்று மட்டும் ஆகாது. கண்மாய் நடுவில் கிடங்கு என்று ஒரு பள்ளம் உண்டு. கடைசித் தண்ணீரும் தாய்மீனும் அங்கேதான் ஒதுங்கும். அதில் கை வைக்கக் கூடாது. அடுத்த வருஷத்து மீன் அங்கேயிருந்துதான் வர வேண்டும்.

சுடலையின் மோட்டாருக்குக் கிடங்கும் தெரியாது, அடுத்த வருஷமும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. அடிக்கல் நாட்டு விழா. விழா முடிந்ததும் சிவனாண்டியும் சுடலையும் தாம்பூலத் தட்டு மாற்றிக்கொள்வார்கள். தட்டு மாறினால் கண்மாய் கை மாறியது. மோட்டார்கள் லாரியில் வந்து கரையில் நின்றுவிட்டன.

---

சிவனாண்டி கண்ணாடி முன்னால் நின்று மீசையை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது மைக்செட் பாதுஷா வந்து சேர்ந்தான். கொட்டாம்பட்டி 'பாதுஷா சவுண்ட் சர்வீஸ்' முதலாளியும் அவன்தான், தொழிலாளியும் அவன்தான்.

"கூட்டம் எப்படி இருக்கும் பாதுஷா?"

"அண்ணே, கார் மேல குழாயைக் கட்டிக்கிட்டு சுத்துப்பட்டி பூராவும் சொல்லிட்டேன். 'நெல்லாங்குடிப் பெரிய கண்மாய்க் கரைக்கு அனைவரும் திரண்டு வாரீர். அம்பலம் அழைக்கிறார், அம்பலம் அழைக்கிறார்.'"

"அம்பலம் அழைக்கிறாருங்கிறதை அழுத்திச் சொன்னியா?"

"தொண்டையைப் பாருங்கண்ணே."

தொண்டை கட்டியிருந்தது. சிவனாண்டிக்குத் திருப்தி. பாதுஷா அங்கே நிற்காமல் கொல்லைப்புறம் வந்தான். அழகம்மாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சிவனாண்டியின் மனைவி செல்லத்தாய் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய எருமைகள் கோடை முழுக்கக் கிடப்பது பெரிய கண்மாயில்தான். கண்மாயைக் கொடுப்பது பற்றி அவளிடம் யாரும் யோசனை கேட்கவில்லை, எருமைகளிடமும் கேட்கவில்லை.

"டீச்சரம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. வர்ற வழியெல்லாம் சனம். அம்புட்டுப் பேரு கையிலயும் ஊத்தா இருக்கு."

மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற அடியில்லாத கூடைதான் ஊத்தா. அடிக்கல் நாட்டு விழாவுக்கு அதை யாரும் கொண்டு வருவதில்லை.

"அடிக்கல்லு, அறிவகம்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேம்மா. அது நோட்டீசுல அடியில இருந்துச்சு. நான் அங்க வர்றதுக்குள்ள காரு அடுத்த ஊருக்குப் போயிருது. பங்குனி மாசம், முழங்கால் தண்ணி, அம்பலம் கரைக்குக் கூப்பிடுறாருன்னா சனம் என்னத்தம்மா நினைக்கும்? யா அல்லா, அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைக் குழாயோட சேர்த்துக் கட்டிருவாரு. திரும்பப் போய் மீன்பிடி இல்லைன்னு சொல்லிட்டு வந்துரட்டுமா?"

அழகம்மாள் வாயைத் திறப்பதற்குள் செல்லத்தாய் குறுக்கே வந்தாள்.

"தொண்டை கட்டியிருக்குன்னியே. இன்னும் கத்துனா மொத்தமாப் போயிரும். உட்காரு, சுக்குத் தண்ணி தாரேன்."

பாதுஷா உட்கார்ந்தான்.

"அக்கா, கூட்டம் வந்து என்ன செய்ய?" என்றாள் அழகம்மாள். "துண்டு விழணுமே. பெரியத்தான் வீச மாட்டாரு."

"உங்க அத்தான் வீச மாட்டாரு. வரப்போற மனுசன்?"

"எந்த மனுசன்?"

"அதான், விழாவுல பேச வர்ற பேராசிரியர் அறவாழி. போன சித்திரையில மதுரைப் பொருட்காட்சியில பார்த்தேன்டி. யாராச்சும் கை தட்டுனாப் போதும், தோள்ல கிடக்குற வெள்ளைத் துண்டை உருவித் தலைக்கு மேல சுத்துவாரு. சனம் தட்டத் தட்ட அவரு சுத்த, அவரு சுத்தச் சுத்த சனம் தட்ட, பேசவே நேரமில்லாமப் போச்சு. நல்ல கூட்டம்."

அழகம்மாள் கழுவிய சட்டியையே மறுபடியும் கழுவினாள்.

"சும்மா வீசுனாச் செல்லாதுக்கா. பரிவட்டம் கட்டியிருக்கணும். அதையும் அம்பலம் கையால கட்டியிருக்கணும். மடைக்கல்லுல நின்னு வீசணும்."

"வரவேற்புரை யாரு?"

"நான்தான். பெரியத்தானே எழுதிக் குடுத்திருக்காரு."

"அப்பறம் என்ன? கூட ரெண்டு வரி நீ சேர்த்துக்க."

எருமை தண்ணீரைக் குடித்து முடித்துத் தலையை ஆட்டியது. தன் புருஷனைப் பற்றிய விஷயங்களில் செல்லத்தாய்க்கு இந்த மாதிரி நிதானம் உண்டு.

---

கரையில் காலடி வைத்த சிவனாண்டி பூரித்துப் போனார். கண்மாயைச் சுற்றிலும் தலைகள். ஓர் அடிக்கல்லுக்கு இம்புட்டுக் கூட்டமா? அறிவுக்குத் தவித்துக் கிடந்திருக்கிறது நாடு!

அப்புறம்தான் கைகளைப் பார்த்தார். ஊத்தா, கச்சா வலை, சாக்கு, வேட்டியை முடிந்து செய்த பை. ஒருவன் கல்யாணத்துக்குச் சமைக்கும் அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றான்.

சிவனாண்டி முட்டாள் இல்லை. தன் தோள்துண்டை உருவினார். சுருட்டினார். நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அம்பலத்தின் துண்டு அம்பலத்தின் அடியில் இருக்கிறவரைக்கும் கண்மாய்க்கு ஆபத்தில்லை.

அம்பாசிடர் வந்து நின்றது. பேராசிரியர் அறவாழி இறங்கினார். மதுரையில் எந்த விழாவாக இருந்தாலும் முன்வரிசையில் நடு நாற்காலி அவருடையது. எதிர்காலத்தைப் பற்றிப் பேச அழைத்தால் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவார். கடந்த காலத்துக்கு அழைத்தால் அதே பேச்சைக் கொஞ்சம் சோகமாகப் பேசுவார். தோளில் துண்டு. இஸ்திரி போட்ட, கஞ்சி முறுமுறுக்கும், கண் கூசுகிற வெள்ளைத் துண்டு. சிவனாண்டி அதைக் கவனிக்கவில்லை. பேச்சாளரின் தோள்துண்டை யார்தான் தனியாகப் பார்க்கிறார்கள்?

"அடடா! கைவினைக் கண்காட்சியும் வைத்திருக்கிறீர்களா!" என்று பேராசிரியர் முன்னால் நின்ற உள்ளூர்ப் பெரியவர் பேயாண்டியின் ஊத்தாவைத் தட்டிக் கொடுத்தார். "இதில் என்ன வைப்பீர்கள் ஐயா? தானியமா?"

"மீனு வைக்கலாம்யா" என்றார் பேயாண்டி. "விட்டா வைக்கலாம்."

சிவனாண்டி அவசரமாகப் பேராசிரியரின் முழங்கையைப் பிடித்து மேடைக்கு நகர்த்தினார். அங்கே சுடலை வெற்றிலை பாக்குத் தட்டோடு நின்றான்.

"அம்பலம், முதல்ல தட்டை மாத்திருவோம். பேச்செல்லாம் அப்பறம் வச்சுக்கலாம். மோட்டாருக்குத் தண்ணி ஊத்தியாச்சு."

சிவனாண்டி தட்டை நோக்கிக் கையை நீட்டினார். அதே நொடியில் ஒலிபெருக்கி கரகரத்தது. யாரும் அழைக்காமலே அழகம்மாள் மைக் முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"பேரன்புமிக்க பெரியோர்களே, தாய்மார்களே!"

மைக்கில் வணக்கம் சொல்லும்போது தட்டு மாற்ற முடியாது; மரியாதை இல்லை. நீட்டிய கை திரும்பிக் கும்பிட்டது. சிவனாண்டி மறுபடியும் தன் துண்டின்மேல் போய் உட்கார்ந்தார்.

சிவனாண்டி எழுதிக் கொடுத்ததை அவள் ஒரு வரி விடாமல் வாசித்தாள். கல்விக் காவலர், சிந்தனைச் செம்மல், அறிவுப் பெருங்கடல். பேராசிரியர் ஒவ்வொரு பட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தார். எழுதியது முடிந்தது. அவள் நிறுத்தவில்லை. சத்தம் மட்டும் மாறியது. சனிக்கிழமை வகுப்பின் சத்தம்.

"அந்தா நிக்கிற மடைக்கல்லுல நம்ம அம்பலத்தைத் தவிர ஒருத்தரும் ஏறுனதில்லை. ஆனா அறிவுக்கு முன்னால அம்பலம் பெருசில்லைன்னு நம்ம அம்பலமே நினைக்கிறாக. அதனால தன் கையால பேராசிரியர் ஐயாவுக்குப் பரிவட்டம் கட்டி, தான் நிக்கிற கல்லுல அவுகளை ஏத்தப் போறாக. இம்புட்டுப் பெரிய மனசு எந்த ஊரு அம்பலத்துக்கு வரும்? நீங்களே சொல்லுங்க!"

கூட்டம் ஒரு கணம் மூச்சை இழுத்தது. புரிந்துவிட்டது. கரை அதிரக் கைதட்டல்.

சிவனாண்டிக்கும் ஏதோ உறுத்தியது. ஆனால் அவருடைய பெரிய மனசு குழாய் வழியாகப் பக்கத்து ஊர் வரைக்கும் போய்விட்டது. இனி அதைத் திருப்பிக் கூப்பிடுவது எப்படி? தன் துண்டு தன் அடியில்தானே இருக்கிறது என்று நினைத்தார். எழுந்தார். மடைக்கருப்பின் முன்னால் வைத்திருந்த பரிவட்டத்தை எடுத்துப் பேராசிரியரின் தலையில் தானே கட்டினார். கை கொடுத்து மடைக்கல்லில் ஏற்றினார்.

பேராசிரியர் நின்றார். கூட்டம் மௌனமானது.

மடைக்கல்லில் பரிவட்டத்தோடு ஓர் ஆள் ஏறினால் இந்தப் பக்கத்தில் குழந்தைகூட அழாது. எல்லாக் கண்ணும் துண்டின்மேல் இருக்கும். பேராசிரியருக்கு இது தெரியாது. அவர் வாழ்க்கையில் மேடை ஏறியதும் கைதட்டல் வராத முதல் நாள் இதுதான். முகம் வாடியது. துண்டு தோளிலேயே கிடந்தது.

ஓரத்தில் சுடலை தட்டை மறுபடி உயர்த்தினான்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கைதட்டல் வந்தது. செல்லத்தாய். அவள் எருமை விரட்டுகிற கை. அந்த ஒரு தட்டு பத்துத் தட்டுக்குச் சமம். பின்னாலேயே பெண்கள் எல்லாரும் தட்டினார்கள்.

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. கை தானாகத் தோளுக்குப் போனது. வெள்ளைத் துண்டு உருவப்பட்டு, விரிந்து, வெயிலில் பளீரென்று அவர் தலைக்கு மேல் சுற்றியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

யாரும் அசையவில்லை.

செல்லுமா? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பரிவட்டம் சரி. கல் சரி. துண்டு சரி. ஆளு?

"செல்லாது!" சிவனாண்டி மைக்கைப் பிடுங்கினார். "இது செல்லா..."

மைக் செத்துவிட்டது. பாதுஷா பெட்டிக்குள் தலையை விட்டு ஒயர்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு கவலையான முகத்தை அவன் தன் கடைக்கே காட்டியதில்லை.

கரை நடுங்கிக்கொண்டு நின்றது. ஒருவர் இறங்கினால் போதும். அந்த ஒருவர் யார்? அம்பலம் 'செல்லாது' என்று கையை ஆட்டிக்கொண்டிருக்கும்போது எந்தத் தைரியசாலி முதல் காலை வைப்பான்?

பேயாண்டியின் கையிலிருந்த ஊத்தாவை யாரோ பிடுங்கினார்கள்.

மருது.

சலவை வேட்டி, மைனர் சட்டை, விழாவுக்கென்று வாங்கிய செருப்பு, அத்தனையோடும் அவன் கரைச் சரிவில் ஓடினான். அண்ணனைப் பார்க்கவில்லை. பெண்டாட்டியைப் பார்க்கவில்லை. இன்றைக்குத் தட்டையும் பார்க்கவில்லை. தொப்பென்று தண்ணீரில் விழுந்தான்.

"அம்பலத்தோட தம்பியே இறங்கிட்டான்டோய்!"

அவ்வளவுதான். கரை இடிந்து கண்மாய்க்குள் விழுந்ததுபோல சனம் விழுந்தது. ஊத்தா ஊத்தாவாகக் கவிழ்ந்தது. தண்ணீர் கலங்கிச் சேறானது, சேறு கொதித்தது. கெளுத்தி குத்தி ஒருவன் அலற, அவன் முதுகைத் தாண்டி ஒரு விரால் துள்ள, அதைப் பிடிக்கப் பாய்ந்த இரண்டு சம்பந்திகள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். அண்டாக்காரன் அண்டாவையே ஊத்தாவாகக் கவிழ்த்து உள்ளே கையை விட்டுத் துழாவினான். பக்கத்து ஊர்ப் பெண்கள் சேலையை வரிந்து கட்டி அயிரையைக் கூடை கூடையாக அள்ளினார்கள். சுடலையின் மோட்டார் ஓட்ட வந்த பையன்கள் கொஞ்ச நேரம் தங்கள் முதலாளியைப் பார்த்தார்கள். அப்புறம் லுங்கியை மடித்துக் கட்டினார்கள்.

அழகம்மாள் மைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனிதன் எதற்காகவும் முதல் ஆளாக எழுந்து அவள் பார்த்ததில்லை, பந்தியில்கூட.

"நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லையே!" என்றார் மடைக்கல் மேலிருந்த பேராசிரியர், திகைத்துப்போய்.

"அதுக்கே இம்புட்டு எழுச்சிங்கய்யா" என்றாள் செல்லத்தாய்.

---

சுடலை மட்டும் சும்மா இருக்கவில்லை. கண்மாய் போய்விட்டது என்று தெரிந்ததும், தட்டை வைத்துவிட்டுக் கரை விளிம்புக்கு வந்தான்.

"டேய், சில்லறையைப் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்கடா! லாரியில இருக்கிற இழுவலையை எடுங்க. நடுப்பள்ளத்துல போடுங்க. பெருசெல்லாம் அங்கதான் இருக்கு!"

கிடங்கைச் சுற்றி அதற்கு முன்பே ஒரு வட்டம் நின்றுகொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். இடுப்பளவு தண்ணீரில் கையோடு கை கோத்து, வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. துண்டு விழுந்ததும் மீனுக்கு ஓடாமல் நேரே அங்கே ஓடியிருந்தன. யாரும் அவற்றை அன்றைக்கு அனுப்பவில்லை. வருஷா வருஷம் ஆர்வக் கோளாறில் யாராவது கிடங்கின் விளிம்பைக் கலக்கிவிடுவதும், அடுத்த வருஷம் மீன் குறைவதும் சனிக்கிழமை வகுப்பில் அவை கண்டுபிடித்து வைத்திருந்த சங்கதி.

"அப்பா, இந்தப் பக்கம் வராதே!"

"ஏ சித்தப்பா, தள்ளிப் போ! கோடு தாண்டிட்ட!"

சித்தப்பாக்கள் முணுமுணுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். மோட்டார்ப் பையன்கள் போகவில்லை. இழுவலையை விரித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவன் வட்டத்தின் ஒரு கண்ணியைத் தள்ளினான். ஒரு சிறுமி சேற்றில் விழுந்தாள். எழுந்தாள். தலைமுடியிலிருந்து சேறு வழிய மறுபடியும் கையைக் கோத்துக்கொண்டு வீறிட்டாள்.

"அப்பா! கிடங்குக்குள்ள வாராங்கப்பா!"

சீனியம்மாள். சிவனாண்டியின் கடைக்குட்டி.

சிவனாண்டி செத்த மைக்கைப் போட்டுவிட்டு ஓடியதை யாரும் பார்க்கவில்லை. தண்ணீரில் இறங்கியதைத்தான் பார்த்தார்கள். பட்டுக்கரை வேட்டி பாய்மரம்போல மிதக்க, மீசையில் தண்ணீர் சொட்ட, ஆள் எருமைக்கிடா மாதிரி கிழித்துக்கொண்டு போனார். மைக் இல்லை. தேவையும் இல்லை.

"எவன்டா அவன்! துண்டு விழுந்துருச்சுடா! துண்டு விழுந்த கண்மாய்ல குத்தகையும் கிடையாது, காண்ட்ராக்டும் கிடையாது! கிடங்குல கை வச்சா மடைக்கருப்புக்குப் பதில் சொல்லணும். அதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லணும்!"

கண்மாய் முழுக்க ஒரு நொடி நின்று கேட்டது. இழுவலை கீழே விழுந்தது.

கரையில் அழகம்மாள் மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தாள். துண்டு விழுந்தது செல்லும். அம்பலமே சொல்லிவிட்டார். அதுவும் கண்மாய் நடுவில் நின்று, அத்தனை ஊருக்கும் கேட்க.

சுடலை தட்டிலிருந்த வெற்றிலையில் ஒன்றை எடுத்துச் சுண்ணாம்பு தடவித் தானே போட்டுக்கொண்டு லாரியில் ஏறினான். மோட்டார்கள் வந்த வழியே போயின. ஓட்டும் பையன்களில் பாதிப்பேர் இன்னும் கண்மாயில் கெண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

---

வெயில் ஏறியபோது கண்மாய் காலியாகிக்கொண்டிருந்தது. கிடங்கு மட்டும் கலங்காமல் நடுவில் பளபளத்தது. மருது கரையேறினான். செருப்பில் ஒன்றைக் காணவில்லை. கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால்.

"எழுமலைக்குக் கிளம்பிட்டியா?" என்றான்.

"புளி ஊறப் போடணும். வழியை விடுங்க" என்றாள் அழகம்மாள். அப்படியும் அவள் போகவில்லை. அவன் சட்டையில் ஒட்டியிருந்த பாசியை எடுத்துப் போட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சேத்து நாத்தம்" என்றாள்.

மைக் எப்படியோ தானாகச் சரியாகியிருந்தது. சேறு பூசிய மீசையோடு சிவனாண்டி அதன் முன்னால் நின்றார். பத்து நாளாகத் தன் மனதில் போட்டு வைத்திருந்த திட்டம் இன்று நிறைவேறியதாக அறிவித்தார். காண்ட்ராக்டரை வரவழைத்தது மக்களின் விழிப்புணர்ச்சியைச் சோதிக்கவாம். மக்கள் தேறிவிட்டார்களாம். கூட்டம் மீனைச் சாக்கில் போட்டுக்கொண்டே கைதட்டியது. சாக்கு நிறைந்திருந்தால் எந்தப் பேச்சும் நன்றாகத்தான் இருக்கும்.

செல்லத்தாய் நாற்காலியில் கசங்கிக் கிடந்த துண்டை உதறி, புருஷன் தலையைத் துவட்டினாள். கொஞ்சம் அழுத்தியே துவட்டினாள்.

அப்போது பேயாண்டி மடைக்கல் பக்கம் போனார். பேராசிரியர் இன்னும் இறங்கவில்லை. யாரோ கொடுத்த உயிர்க்கெண்டை ஒன்றைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தார். பேசவேண்டிய பேச்சை அவரே மறந்துவிட்டார். மதுரை நகரில் இதை யாரும் நம்பமாட்டார்கள்.

"ஐயா, அப்ப அடுத்து எப்ப வாரீக?"

"அடுத்தா? எதற்கு?"

"துண்டு வீசுனவுகதான் அடுத்த மழைத்தண்ணி வந்து சேருற வரைக்கும் கண்மாய்க்குப் பொறுப்பு. வண்டல் அள்ளுறதை அளந்து விடணும். கிடங்குக்குக் காவல் போடணும். தண்ணி வர்ற வரத்துக்கால்ல முள்ளு வெட்டணும். எல்லாத்துக்கும் நீங்க வந்து நின்னாத்தான் ஆகும்."

சிவனாண்டியின் தலை துண்டுக்குள்ளிருந்து சட்டென்று வெளியே வந்தது.

"அதெப்படி? அது அம்பலத்தோட பொறுப்புல்ல!"

"துண்டு விழுந்தது செல்லும்னு நீங்கதானே இப்பக் கண்மாய்க்குள்ள நின்னு சொன்னீக?" என்றாள் செல்லத்தாய். "அது செல்லும்னா இதுவும் செல்லும்ல?"

சிவனாண்டி மடைக்கல்லுக்கு ஓடினார். "ஐயா, உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்? இறங்குங்க. அந்தப் பரிவட்டத்தை அவுத்து இப்படிக் குடுங்க, நான் பார்த்துக்கிறேன்."

பேராசிரியர் ஒரு கையால் தலையைத் தடவிப் பார்த்தார். எத்தனையோ பொன்னாடைகள் அவர்மேல் விழுந்திருக்கின்றன. எல்லாம் வீடு போவதற்குள் பீரோவுக்குப் போய்விடும். தலையில் கட்டிய மரியாதை இதுதான் முதல்.

"இருக்கட்டுமே" என்றார். "மழை வரைக்கும்தானே."

பிறகு அழகம்மாளைப் பார்த்தார். குரல் தாழ்ந்தது. "ஆனால் அம்மா, வண்டல் அளப்பதைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாதே."

"சனிக்கிழமை வாங்கய்யா" என்றாள் அவள். "பிள்ளைகளோட உட்காருங்க. அதுக ஒண்ணும் அடிக்காது."

"முன்வரிசையில் இடம் கிடைக்குமா?"

அழகம்மாள் பதில் சொல்வதற்குள், சேறு காயாத மீசையை முறுக்கிக்கொண்டு சிவனாண்டி முன்னால் வந்தார். ஒருநாளும் அந்த வகுப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர்.

"முன்வரிசை நிறைஞ்சிருச்சுங்கய்யா" என்றார். "அங்க நான் உட்காரப் போறேன்."